வேகக் கையா, நிதானக் கையா? அலெக்ஸ் ஸ்மித்தின் இடம் இரண்டு முறை பறிபோன கதை

2012 பருவத்தில் சான் பிரான்சிஸ்கோ ஃபார்ட்டி நைனர்ஸ் (சுருக்கமாக நைனர்ஸ்) என்ற அமெரிக்கக் கால்பந்து அணிக்காக அலெக்ஸ் ஸ்மித் 218 பாஸ்கள் வீசினார். அதே பருவத்தில், அதே அணிக்காக, காலின் கேப்பர்னிக் வீசியதும் 218. ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பயிற்சியாளர் ஒருவரே. பந்தைப் பிடிக்க ஓடியவர்களும் அதே ஆட்கள்தான். பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்குகள் இருவரில் யாரை முதலில் இறக்குவது என்ற சண்டை அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்லில் ஒவ்வோர் ஆகஸ்டிலும் ஏதாவது ஓர் ஊரில் நடக்கும். ஆனால் இரண்டு கைகளை இவ்வளவு சரிசமமாக எடைபோட வாய்ப்பு கிடைப்பது அபூர்வம்.

அந்தச் சண்டைகளில் முதலில் எழும் பேச்சு கைவலு. யார் பந்தை வேகமாக எறிகிறார், யார் தூரமாக எறிகிறார். கண்ணுக்கு உடனே தெரிவது அதுதான் என்பதால் ரசிகர்கள் அதைப் பிடித்துக்கொள்கிறார்கள். பல நேரங்களில் பயிற்சியாளர்களும்தான். இதில் என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கைவலு தரும் லாபம் உண்மையானது, அளக்கவும் கூடியது. ஆனால் பேச்சில் அடிபடும் அளவுக்கு அது பெரிதில்லை. வேகமாக எறியத் தெரிந்தவருக்கு மெதுவாக எறியவும் தெரிகிறதா என்பதுதான் முடிவைத் தீர்மானிக்க வேண்டிய கேள்வி.

இந்த ஆட்டத்துக்குப் புதியவர்களுக்கு ஒரு விளக்கம். கிரிக்கெட்டில் எல்லைக்கோட்டருகே பந்தைப் பொறுக்கும் ஃபீல்டர் இரண்டு விதமாக எறியலாம். ஒன்று, தரையோடு ஒட்டிப் பாயும் தட்டை எறி. மற்றொன்று, வானத்துக்கு ஏறி இறங்கும் வளைந்த எறி. இரண்டும் கீப்பர் கைக்குத்தான் போகும். ஆனால் ரன் அவுட்டுக்கு முதலாவதுதான் உதவும். குவார்ட்டர்பேக்கின் கைவலு என்பதிலும் இந்த இரண்டும் கலந்திருக்கின்றன. 70 யார்டு தூரம் எறிவது வேறு, 30 யார்டு தூரத்துக்குப் பந்தைத் தட்டையாகச் செலுத்துவது வேறு. ஆட்டத்தில் அடிக்கடி தேவைப்படுவது இரண்டாவதுதான்.

அதன் மதிப்பைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். என்எஃப்எல் மைதானத்தின் அகலம் 160 அடி. ஆட்டம் தொடங்கப் பந்தை வைக்கும் ஹேஷ் குறி ஓர் எல்லைக்கோட்டிலிருந்து சுமார் 70 அடி, எதிர்ப்பக்க எல்லைக்கோட்டிலிருந்து சுமார் 89 அடி. தூரமான அந்தப் பக்கத்தில் பந்தைப் பிடிக்க வேண்டிய ரிசீவர் 12 யார்டு ஓடி, சட்டென வெளிப்பக்கம் திரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். குவார்ட்டர்பேக் 7 யார்டு பின்னால் நிற்கிறார். பந்து கடக்க வேண்டிய தூரம் ஏறக்குறைய 34 யார்டு. மணிக்கு 60 மைல் வேகத்தில் போனால் 1.15 விநாடி ஆகும். 50 மைல் என்றால் 1.4 விநாடி. காற்றின் தடையை நான் கணக்கில் சேர்க்கவில்லை. வித்தியாசம் கால் விநாடி. அந்தக் கால் விநாடியில் ரிசீவரைத் துரத்தித் தடுக்கும் கார்னர்பேக், முழு வேகத்தில் ஓடினால், இரண்டு யார்டு நெருங்கிவிடுவார். இரண்டு யார்டு என்றால் ஆறு அடி. ரிசீவர் பிடிப்பதற்கும், கார்னர்பேக் குறுக்கே பாய்ந்து பறித்துக்கொண்டு எதிர்த்திசையில் ஓடுவதற்கும் இடையில் இருப்பது அவ்வளவுதான்.

ஆனால் இதே கணக்கை மறுபக்கமிருந்தும் படிக்கலாம். 50 மைல் கைக்காரர், ரிசீவர் திரும்புவதற்குக் கால் விநாடி முன்பே பந்தை விட்டுவிட்டால் கடன் அடைந்துவிடும். இந்த முன்கூட்டிய எறி பயிற்சியால் வருவது, நம்பிக்கையால் வருவது. எறிவதற்கு முன் கையை நீளமாகச் சுழற்றும் பழக்கம் உள்ள வேகக் கைக்காரர், தான் சம்பாதித்த கால் விநாடியில் ஒரு பங்கை அங்கேயே தொலைத்துவிடுகிறார் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கேப்பர்னிக்கிடம் அந்த நீளமான சுழற்சி இருந்தது. அது பேஸ்பாலில் இருந்து வந்த கை. கலிஃபோர்னியாவின் டர்லக் நகரத்துப் பள்ளியில் பிட்ச்சராக (பேஸ்பாலில் பந்து வீசுபவர்) மணிக்கு 94 மைல் வரை எறிந்தவர் என்று பேசப்பட்டவர். நெவாடா பல்கலைக்கழகத்தில் அமெரிக்கக் கால்பந்து ஆடிக்கொண்டிருந்தபோதே, இளம் வீரர்களை அணிகள் சுற்றுச் சுற்றாக எடுத்துக்கொள்ளும் ஆண்டுத் தேர்வில், 2009இல் சிகாகோ கப்ஸ் பேஸ்பால் அணி அவரை 43ஆம் சுற்றில் எடுத்தது. அவர் போகவில்லை. 2011இல் கல்லூரி வீரர்களை என்எஃப்எல் அணிகள் அளந்து பார்க்கும் இண்டியானாபொலிஸ் தேர்வு முகாமில் அவர் எறிந்த கால்பந்து ரேடார் கருவியில் 59 மைல் காட்டியது. 94 எங்கே, 59 எங்கே என்று கேட்கக் கூடாது. பேஸ்பாலின் எடை சுமார் 145 கிராம், அமெரிக்கக் கால்பந்தின் எடை 400 கிராமுக்கும் மேல். அந்த முகாமில் 59 என்பது உச்சத்தில் வைத்துப் பேசப்பட்ட எண்.

ஸ்மித்தின் கதை வேறு. 2005 என்எஃப்எல் தேர்வில் நாட்டிலேயே முதல் ஆளாக எடுக்கப்பட்டவர். (அன்று 24ஆவது இடம் வரை காத்திருந்த ஏரன் ராட்ஜர்ஸை நைனர்ஸ் எடுக்காமல் விட்டதை அந்த ஊர்க்காரர்கள் இன்னும் சொல்லிக் காட்டுவார்கள்.) முதல் பருவத்தில் ஒரே ஒரு டச்டவுன் (பந்தை எதிரியின் கோல்கோட்டைத் தாண்டிச் சேர்ப்பது), 11 இண்டர்செப்ஷன் (எதிரணி பறித்துக்கொண்ட பாஸ்). 2007இல் எறியும் தோளில் அடிபட்டது; 2008 பருவம் முழுக்கப் போனது. ஏறக்குறைய ஆண்டுக்கொரு தாக்குதல் பயிற்சியாளர் வந்து ஆண்டுக்கொரு புதுப் பாடம் நடத்தினார். 2011இல் ஜிம் ஹார்பா தலைமைப் பயிற்சியாளராக வந்த பிறகுதான் அவர் தலைநிமிர்ந்தார். அந்த ஆண்டு 13 வெற்றி, 3 தோல்வி. 5 இண்டர்செப்ஷன் மட்டுமே. ஆனாலும் "சிறிய கை", அதாவது வலுக் குறைந்த கை, என்ற பெயர் அவரை விடவில்லை.

அந்தப் பெயரில் பாதிதான் நியாயம். 2012 ஜனவரியில் நியூ ஆர்லியன்ஸ் செயிண்ட்ஸுக்கு எதிரான பிளேஆஃப் (தோற்றால் வெளியேறும் இறுதிக்கட்ட) ஆட்டத்தில் 9 விநாடி மீதமிருக்கும்போது வெர்னன் டேவிஸுக்கு அவர் எறிந்த 14 யார்டு பந்தைப் பாருங்கள். இரண்டு தடுப்பாட்டக்காரர்களுக்கு நடுவே, கோல்கோட்டில், தட்டையாகப் பாய்ந்த பந்து. 36-32 என்று ஆட்டத்தை முடித்தது அதுதான். கை சிறியது என்று சொல்பவர்கள் அதை வசதியாக மறந்துவிடுவார்கள். ஸ்மித்திடம் குறைந்தது வலு என்பதைவிடத் துணிச்சல் என்பதே சரி. ரிசீவர் தனியாகிவிட்டார் என்று கண்ணால் உறுதி செய்துகொண்ட பிறகே விடும் பழக்கம். கால் விநாடிக் கடனை முன்கூட்டி எறிந்து அடைக்க வேண்டியவர், அதைக் குறுகிய தூரப் பந்துகளால் அடைத்தார். பத்திரமான வழிதான். ஆனால் எதிரணியின் கடைசி வரிசைத் தடுப்பாளர்களான சேஃப்டிகள் தைரியமாக முன்னேறி நிற்கவும் அது வழிவிட்டது.

இனி அந்த இரண்டு 218களைப் பிரித்துப் பார்ப்போம். ஸ்மித்தின் 218இல் 153 கைசேர்ந்தன, 70.2 சதவீதம். கேப்பர்னிக்குக்கு 136, அதாவது 62.4 சதவீதம். ஸ்மித்துக்கு 1,737 யார்டு, 13 டச்டவுன், 5 இண்டர்செப்ஷன். கேப்பர்னிக்குக்கு 1,814 யார்டு, 10 டச்டவுன், 3 இண்டர்செப்ஷன். பாஸ் எறிபவரை மதிப்பிடும் பாசர் ரேட்டிங்கில் ஸ்மித் 104.1, கேப்பர்னிக் 98.3. வேகக் கை கூடுதலாகக் கொண்டுவந்தது மொத்தத்தில் 77 யார்டு. ஒரு நல்ல நீளப் பாஸின் அளவு. அதற்கு விலையாக 17 பாஸ்கள் குறைவாகக் கைசேர்ந்தன.

இதை மட்டும் பார்த்தால் ஸ்மித்தை உட்கார வைத்தது பைத்தியக்காரத்தனம். ஆனால் கைசேர்ந்த ஒவ்வொரு பாஸும் சராசரியாக எவ்வளவு தந்தது என்று பார்த்தால் படம் மாறும். ஸ்மித்துக்கு 11.4 யார்டு, கேப்பர்னிக்குக்கு 13.3. அந்த இரண்டு யார்டு பந்தை முன்நகர்த்தியதோடு நிற்கவில்லை. சேஃப்டிகள் பின்வாங்கினார்கள், நடுவே இடம் பிறந்தது, பந்தோடு ஓடும் ஃபிராங்க் கோருக்கு வழி கிடைத்தது. ரிசீவர் மைக்கேல் கிராப்ட்ரீ அந்தப் பருவத்தில் 1,105 யார்டு சேர்த்தார். 2003க்குப் பிறகு நைனர்ஸ் ரிசீவர் ஒருவர் ஆயிரத்தைத் தாண்டியது அதுவே முதல் முறை. அதில் பெரும்பகுதி கேப்பர்னிக் வந்த பிறகு சேர்ந்தது. அணி அப்போது ஆடிக்கொண்டிருந்த கேண்டில்ஸ்டிக் பார்க்கில் வளைகுடாக் காற்று வேறு. மெதுவான பந்தை அந்தக் காற்று விளையாட்டுக் காட்டிவிடும்.

மாற்றம் நடந்த விதம் பலருக்கு இன்றும் உறுத்தல். அக்டோபர் 29 அன்று அரிசோனாவில் ஸ்மித் 19 பாஸ் எறிந்து 18ஐக் கைசேர்த்தார், மூன்று டச்டவுன். அடுத்த ஆட்டத்தில், நவம்பர் 11 அன்று, செயிண்ட் லூயிஸ் ராம்ஸுடன் ஆடும்போது தலையில் அடிபட்டு வெளியேறினார். நவம்பர் 19 அன்று கேப்பர்னிக் முதன்முதலாகத் தொடக்க ஆட்டக்காரராக இறங்கி, வலுவான தற்காப்புக்குப் பெயர்போன சிகாகோ பேர்ஸை 32-7 என்று வீழ்த்தினார்: 23இல் 16, 243 யார்டு, இரண்டு டச்டவுன். ஸ்மித் குணமாகித் திரும்பியும் இடம் திரும்பவில்லை. காயத்தால் ஒருவன் வேலையை இழக்கக் கூடாது என்பது இந்த ஆட்டத்தில் எழுதாத சட்டம். ஹார்பா அதை மதிக்கவில்லை. அவரே முன்னாள் குவார்ட்டர்பேக் என்பதால் வலி தெரியாதவர் என்று சொல்ல முடியாது. தெரிந்தே செய்தார்.

சரியாகத்தான் செய்தார் என்பது என் எண்ணம். ஆனால் கைக்காக மட்டும் அதைச் செய்திருந்தால் தவறாகியிருக்கும். 2013 ஜனவரியில் கிரீன் பே பேக்கர்ஸை 45-31 என்று சாய்த்த ஆட்டத்தில் கேப்பர்னிக் ஓடியே எடுத்தது 181 யார்டு. ஒரு குவார்ட்டர்பேக் ஓர் ஆட்டத்தில் அவ்வளவு தூரம் அதற்கு முன் ஓடியதில்லை. அடுத்த வாரம் அட்லாண்டா ஃபால்கன்ஸ் அவர் கால்களையே பார்த்துக்கொண்டு நிற்க, மற்றவர்கள் ஓடினார்கள், வெர்னன் டேவிஸ் 106 யார்டு பிடித்தார். எதிரணியைக் குழப்பியது காலும் கையும் சேர்ந்துதான். கையை மட்டும் தனியே நிறுத்துப் புகழ்ந்தவர்கள் காலின் பங்கையும் கையின் கணக்கில் எழுதிவிட்டார்கள்.

கையின் உண்மையான எல்லை பிப்ரவரி 3, 2013 அன்று தெரிந்தது. நியூ ஆர்லியன்ஸில் லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுல், எதிரே ஜிம் ஹார்பாவின் அண்ணன் ஜானின் பால்டிமோர் ரேவன்ஸ். 34-29 என்று பின்தங்கிய நிலையில் நைனர்ஸ் எதிரியின் 5 யார்டு கோட்டில், அதாவது கோல்கோட்டுக்கு 5 யார்டு தொலைவில், நிற்கிறது. மூன்று முறை தொடர்ந்து கிராப்ட்ரீக்கு எறிகிறார் கேப்பர்னிக், மூன்றும் கைசேரவில்லை. கடைசியானது கோல்கோட்டுக்கு அப்பாலுள்ள வலது மூலையை நோக்கி உயர்த்திப் போட்ட பந்து, தாண்டிப் போய் விழுந்தது. தடுத்தவர் கிராப்ட்ரீயைப் பிடித்து நிறுத்தினார் என்ற வாதம் இன்றும் ஓய்ந்தபாடில்லை. அதை விட்டுவிடுவோம். அங்கே தேவைப்பட்டது 59 மைல் அல்ல, அதில் பாதி. பந்து ஏறி, ரிசீவரின் ஓட்டத்தோடு சேர்ந்து, தடுப்பாளரின் விரலுக்கு மேலே இறங்க வேண்டும்.

ஓராண்டு கழித்து, ஜனவரி 19, 2014, சியாட்டிலில் அதே காட்சி. 23-17 என்று பின்னடைவு, அரை நிமிடத்துக்கும் குறைவான நேரம், மீண்டும் மூலை, மீண்டும் கிராப்ட்ரீ. பந்து சற்றே குறைவாக விழ, சியாட்டில் அணியின் ரிச்சர்ட் ஷெர்மன் எகிறித் தட்டிவிட, அவர் அணித்தோழர் மால்கம் ஸ்மித் பிடித்துக்கொண்டார். ஆட்டம் முடிந்தது. கேப்பர்னிக்கின் வாழ்வில் எடை மிகுந்த இரண்டு எறிகளும் வேகம் வேண்டாத எறிகள். ஒன்று கூடிவிட்டது, மற்றொன்று குறைந்துவிட்டது.

அந்த சூப்பர் பவுலை வென்ற ஜோ ஃபிளாக்கோவும் வலுவான கைக்குப் பெயர்பெற்றவர்தான். அந்தப் பிளேஆஃப் முழுக்க 11 டச்டவுன், ஒரு இண்டர்செப்ஷன்கூட இல்லை. டென்வரின் கடுங்குளிரில் ஆட்டம் முடியும் தறுவாயில் ஜக்கோபி ஜோன்ஸுக்கு அவர் எறிந்த 70 யார்டு டச்டவுன், உயரே ஏறி, சேஃப்டியின் தலைக்குப் பின்னால் இறங்கியது. வலுவான கையை உயரத்துக்குச் செலவழித்த எறி அது.

ஸ்மித்தை நைனர்ஸ் கான்சாஸ் சிட்டி சீஃப்ஸுக்கு அனுப்பிவிட்டது. அங்கே அவருக்கு மரியாதை இருந்தது, வெற்றி இருந்தது. ஆனால் பழைய கதை அங்கும் துரத்தி வந்தது. 2017 தேர்வில் சீஃப்ஸ் 27ஆவது இடத்திலிருந்து 10ஆவது இடத்துக்கு ஏறிவந்து பேட்ரிக் மஹோம்ஸை எடுத்தது. அவர் தந்தை பேஸ்பால் பிட்ச்சர்; இவரையும் 2014இல் டெட்ராய்ட் டைகர்ஸ் பேஸ்பால் அணி தேர்வு செய்திருந்தது. முகாமில் 60 மைல். (அதே முகாமில் 49 மைல் காட்டிய டெஷான் வாட்சன் 2020இல் லீக்கிலேயே அதிக பாஸ் யார்டு எடுத்தார் என்பதையும் வேக எண்ணைக் கும்பிடுபவர்கள் அறிய வேண்டும்.)

வினோதம் என்னவென்றால், தலைக்கு மேல் கத்தி தொங்கிய அந்த 2017இல்தான் ஸ்மித் பயத்தை விட்டார். முதல் ஆட்டத்திலேயே நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸுக்கு எதிராக 368 யார்டு, நான்கு டச்டவுன். அவற்றில் இரண்டு 75 யார்டுக்குக் குறையாதவை. பருவ முடிவில் 4,042 யார்டு, 26 டச்டவுன், 5 இண்டர்செப்ஷன், லீக்கிலேயே உயர்ந்த 104.7 ரேட்டிங். சிறிய கை என்று சொல்லப்பட்டவர் நீளப் பந்துகளில் லீக்கின் முன்வரிசையில் நின்றார். தோள் அதே தோள்தான், வயது மட்டும் 33. மாறியது, ரிசீவர் தனியாகும் முன்பே பந்தை விட்டுவிடும் மனசு. வேகமாக ஓடும் ரிசீவர் டைரீக் ஹில் கிடைத்ததும் பெரிய காரணம்.

அப்படி ஆடியவரைத்தான் பருவம் முடிந்ததும் சீஃப்ஸ் வாஷிங்டனுக்கு விற்றது. 2012இல் 104.1, 2017இல் 104.7. தன் உச்சத்தில் நின்றபோதே இரண்டு முறையும் வேகக் கைக்கு வழிவிட வேண்டியிருந்தது. இரண்டு முடிவுகளும் ஒரே மாதிரி தெரிகின்றன, ஆனால் ஒன்றில்லை. மஹோம்ஸ் முதல் ஆண்டு முழுக்க, ஓர் ஆட்டம் தவிர, ஸ்மித்தின் அருகே அமர்ந்து தற்காப்பைப் படிக்கக் கற்றார்; அதற்காக ஸ்மித்துக்கு அவரே நன்றி சொல்லியிருக்கிறார். கேப்பர்னிக்குக்கும் ஒரு பருவம் பெஞ்சில் கழிந்ததுதான். ஆனால் மஹோம்ஸிடம் தொடக்கத்திலிருந்தே எல்லா வேகமும் இருந்தன. பக்கவாட்டில் வளைத்து, ஓடிக்கொண்டே தளர்த்தி, மூலையில் பொத்தெனப் போட்டு என்று பந்துக்கு ஏற்ற வேகம். 2018இல் 50 டச்டவுன், 5,097 யார்டு.

அந்தக் கைவலு எங்கே உண்மையில் பலன் தந்தது என்பதை 2020 பிப்ரவரியில் மயாமி சூப்பர் பவுலில் பார்க்கலாம். எதிரணி, விதியின் விளையாட்டு, அதே நைனர்ஸ். 20-10 என்று பின்னடைவு, மூன்றாம் டவுன் (நான்கு வாய்ப்புகளில் மூன்றாவது), 15 யார்டு வேண்டும். மஹோம்ஸ் பத்து யார்டுக்கும் அதிகமாகப் பின்வாங்கினார். அவ்வளவு பின்னால் போனால் சாதாரணக் கைக்கு நீளப் பாஸ் முடிந்த கதை. இவருக்குப் பின்வாங்கிய ஒவ்வோர் அடியும் கூடுதல் நேரமானது. அந்த நேரத்தில் ஹில் தூரம் போய்த் திரும்பினார். 44 யார்டு. ஆட்டம் 31-20 என்று சீஃப்ஸ் பக்கம் முடிந்தது. எறிந்தது உயரமான, வளைந்த பந்து. ரேடாரில் வைத்தால் யாரும் வாய்பிளக்க மாட்டார்கள். கை வாங்கித் தந்தது நேரம்.

ஆகவே 2012க்கு என் தீர்ப்பு: கேப்பர்னிக்கை இறக்கியது சரி. காலும் கையும் சேர்ந்து எதிரணித் தற்காப்பைக் கலைத்ததற்காகவும், இரண்டாம் சுற்றுத் தேர்வுக்குரிய மலிவான சம்பளத்துக்காகவும். 2018க்கு: மஹோம்ஸ், சந்தேகமே இல்லை. ஸ்மித் இரண்டிலும் தோற்றது திறமைக் குறைவால் அல்ல. வாஷிங்டனில் 2018 நவம்பரில் கால் எலும்பு நொறுங்கி, பல அறுவை சிகிச்சைகளுக்குப் பிறகு 2020இல் திரும்பி, தொடக்க ஆட்டக்காரராக இறங்கிய 6 ஆட்டங்களில் 5ஐ வென்றார். அப்போது அவர் எறிந்தவை பெரும்பாலும் குட்டைப் பாஸ்களே.

அடுத்த ஆகஸ்டில் உங்கள் அணியில் இரண்டு பேர் மோதினால், பயிற்சி முகாமின் 70 யார்டு எறி வீடியோக்களை முதலில் ஒதுக்கிவைக்கலாம். யாரும் துரத்தாமல், கால் ஊன்றி நின்று எறிந்த பந்து அது. அதற்குப் பதில் தூர ஹேஷிலிருந்து வெளிப்பக்கம் போகும் பந்தைக் கவனியுங்கள். ரிசீவர் திரும்பும் முன் அது கையை விட்டதா என்று பாருங்கள். முன்னால் ஒருவன் காலைப் பிடிக்க வரும்போது, ஊன்ற இடமில்லாமல், தோளால் மட்டும் எறியும் பந்துகளை எண்ணுங்கள். பிறவிக் கைவலு கூடுதல் பலன் காட்டும் இடம் அது ஒன்றுதான். அப்புறம் 5 யார்டு கோட்டிலிருந்து மூலைக்குப் போகும் பந்துகள். இவர் பத்தில் எட்டும் அவர் பத்தில் ஐந்தும் போட்டால், அவர் 60 மைல் எறிந்தாலும் நான் இவரைத்தான் செப்டம்பரில் இறக்குவேன்.